கடைசி இடம் கேட்டவள்

அக்காவுக்கு இருட்டில் கண் தெரியவில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது ரப்பர்த் தோட்டத்துப் பால் மரங்கள்தான். மரம் சீவுகிறவர்கள் விடிவதற்கு முன்பே தங்கள் மர நிரையில் நிற்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் சரியாக இறங்காது. எல்லாரும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். அக்காவும் அப்படித்தான் போனாள். ஆனால் அவள் நிரையில் மட்டும் மரத்துக்கு மரம் காயம். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டிய உளி கட்டை வரைக்கும் இறங்கியிருந்தது. "மரத்து மேல என்னா இவ்ளோ கோவம்லா? கட்டிக்கப் போறவன்கிட்ட காட்டு," என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எல்லார் முன்னாலும் சொன்னபோது அக்காவும் சேர்ந்து சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில் கோலசிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடையில் ஒரு தோட்டம். வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நான்கு பேர். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. நான் அவளைவிட நான்கு வயது சின்னவள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

மாலைக்கண் என்று அம்மா ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டாள். மருந்தும் அவளுக்குத் தெரிந்ததுதான்: முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல். வீட்டுக்குப் பின்னால் இருந்த முருங்கை மரம் ஒரு மாதத்தில் மொட்டையாகிவிட்டது. "ஆட்டை மேய்க்கிற மாதிரி என்னை மேய்க்கிறியேம்மா," என்று சொல்லிக்கொண்டே அக்கா தின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து 'மே' என்று கத்துவேன்.

இந்த வைத்தியத்தில் மாமாவும் சேர்ந்துகொண்டார். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடம் மீன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் மீனோடு எங்கள் வீட்டில் இருப்பார். அக்கா பிறந்த அன்றே, இவள் மாமாவுக்குத்தான் என்று பேசி வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் பேசி வைத்ததைத் தலையெழுத்தே என்று சுமக்கிற ஜோடிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்கள் அப்படி இல்லை. லோரிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே அக்கா தலை வாரத் தொடங்கிவிடுவாள். நான் கேலி செய்தால் அந்தச் சீப்பாலேயே அடி விழும்.

ஒருநாள் மாமா எங்கள் இருவரையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொழுது சாய்ந்ததும் கரையோரத்து மரங்களில் மின்மினிப் பூச்சிகள் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணையத் தொடங்கின. "ஐயோ, எவ்ளோ அழகு!" என்றாள் அக்கா. அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் மரமே இல்லை. மாமா அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு சுறா ஈரலோடு வந்து நின்றார். அம்மா அதைக் காய்ச்சி எண்ணெய் எடுத்த அன்று லயமே மூக்கைப் பொத்திக்கொண்டது. அக்கா மட்டும் முகம் சுளிக்காமல் குடித்தாள், அவர் கொண்டுவந்தது என்பதால்.

ஈரல் எதுவும் வேலை செய்யவில்லை. விளக்கோடு போயும் அக்கா ஒருநாள் கால்வாயில் விழுந்து கையை முறித்துக்கொண்டதும், கோலாலம்பூரில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். தமிழ்க்காரம்மா. சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்து, நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சொந்த அத்தை மகனைத்தான் கட்டியிருக்கேன் டாக்டர். எங்க குடும்பத்துல யாரும் வெளியில போனதில்லை."

டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இது சத்துக் குறைவு இல்லை, பரம்பரையாக ரத்தத்தில் வருகிறது. கண்ணுக்குள் இருக்கிற திரை கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. முதலில் இருட்டில் பார்வை போகும், அப்புறம் பக்கங்களில் போகும், நேருக்கு நேர் பார்க்கிறது மட்டும் கொஞ்ச காலம் தங்கும். மருந்து இல்லை. ஆராய்ச்சி செய்கிறார்கள், "உங்க பேரப்பிள்ளைங்க காலத்துல மருந்து வரலாம்." கடைசியில் ஒன்று சொன்னார். இந்தப் பெண்ணைச் சொந்தத்தில் கட்டிக்கொடுத்தால் பிறக்கிற பிள்ளைகளுக்கும் வரலாம். கண் நன்றாக இருக்கிறவர்களிலும் யார் ரத்தத்தில் இது ஒளிந்திருக்கிறது என்று பார்க்க இப்போது பரிசோதனை எதுவும் கிடையாது.

திரும்பி வந்த பஸ்ஸில் அம்மா பேரப்பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் வீட்டுக்கு எடுத்துவர முடிந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதுதான் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லார் மனதிலும் ஓடியது.

மண்டோர் நல்ல மனுஷன்தான். அக்காவைப் பகலில் புல் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார். மத்தியானம் அவள் வேலை விட்டு வந்ததும் நாங்கள் இருவரும் குழாயடியில் துணி துவைப்போம். எங்கள் விளையாட்டு அங்கேதான் தொடங்கியது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் வானத்தில் கப்பல் விடுகிற தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் எந்த வியாதிக்கும் ஒரு மெஷின் இருக்கும். நான் அதைக் கொஞ்சம் மாற்றினேன். வருஷம் இரண்டாயிரத்து ஐம்பது. ரத்தத்தில் வருகிற வியாதியை வேரோடு எடுக்கிற மெஷின் வந்துவிட்டது. ஆனால் இருப்பது ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஒரு வியாதியைத்தான் ஆராய்ந்து எடுக்கும். எந்த வியாதியை என்று முடிவு செய்கிற மந்திரி நான். வாசலில் நிற்கிறவர்களுக்காகப் பேசுவது அக்கா.

மந்திரி ஒவ்வொரு வருஷமும் முதல் இடத்தைக் கண்ணுக்குத்தான் கொடுக்கப் பார்ப்பாள். அக்கா ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "பதவிக்கு வந்த உடனே சொந்தக்காரங்களுக்குச் செய்றியா? உன்னையெல்லாம் யாரு மந்திரியாக்குனது?" என்பாள். அவள் வரிசையில் முதலில் நின்றது நான்காவது வீட்டுப் பையன். சதையெல்லாம் வற்றி, காலில் தொடங்கிக் கை வரைக்கும் வந்துவிட்ட வியாதி. பதினைந்து வயதுப் பிள்ளையைத் திடலில் படம் போடும் நாளில் அவன் அப்பா தோளில் தூக்கி வருவார். இரண்டாவதாக நின்றது பாசிர் பெனம்பாங்கில் மீன் விற்கிற ஒரு பெண்ணின் மகள், மாமா சொல்லிக் கேள்விப்பட்டது. ரத்தம் ஊறாத வியாதி. மாதா மாதம் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் ரத்தத்தை ஏற்றினால்தான் அவளுக்கு உயிர்.

"அவன் செத்துப்போவான். அவளும் செத்துப்போவா. நான் சாவேனா? விழுவேன், எந்திரிப்பேன். கண்ணு கடைசியில நிக்கட்டும்லா."

"எத்தனை பேருக்கு வருதுன்னு கணக்குப் பாக்க வேணாமா?" என்று நான் படித்தவள் மாதிரிக் கேட்டேன்.

"ஒரே ஒருத்தனுக்கு வந்தா அவன் ஆளில்லையா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நியாயம் பேசுகிறவர்களை எனக்கு இன்றைக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. அவர்கள் பாட்டுக்குப் பேசிவிட்டுப் போகிறார்கள்; அவர்களுக்காக வேறு யாராவது உட்கார்ந்து அழ வேண்டியிருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பையன் இறந்துபோனான். சாதாரணச் சளிதான் நெஞ்சில் கட்டியது. இருமித் துப்ப அவன் உடம்பில் பலமில்லை. தோளில் தூக்கி வந்த அப்பாவே அன்றைக்கும் பாடையை முன்னால் பிடித்துக்கொண்டு போனார். நான் விளையாட்டை விட்டுவிடலாம் என்றேன். அக்கா சோப்புத் தேய்த்துக்கொண்டே சொன்னாள், "அவன் போயிட்டான்னு வரிசையில மாத்திடாத. வியாதி இன்னும் இருக்குல்ல. அவன் இடத்துல வேற பிள்ளை வந்து நிக்கும்." அந்த வருஷமும் கண் கடைசியில்தான் நின்றது.

எனக்குப் பதினேழு முடிந்தபோது அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் பெரியவளைத்தானே சொந்தத்தில் கொடுக்க வேண்டாம் என்றார், சின்னவளைக் கொடுத்துவிடலாம், பிறந்த வீட்டு உறவும் விட்டுப்போகாது என்று அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். மாமா கை அப்படியே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரை அக்காவின் ஆளாகத்தான் பார்த்திருக்கிறேன். பாத்திரக் கடையில் ஓட்டை விழுந்ததைக் கொடுத்து நல்லதாக மாற்றி வாங்குவது போல அம்மா பேசினாள். அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். "இவளையும் கொடுக்கக் கூடாதும்மா."

"ஏன்? இவளுக்கு என்னா குறை? விளக்கு இல்லாம ஊசியில நூல் கோக்குறா. நல்ல கண்ணுலா."

"உனக்கும் அப்பாவுக்கும் நல்ல கண்ணுதானேம்மா."

குற்றம் சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் அந்த நிமிஷம் வரைக்கும் அம்மா இதைக் கண்ணூறு என்றும் கெட்ட காலம் என்றும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான் அவளுக்குள் இறங்கியது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா குழம்புச் சட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் அக்காவை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டு வாங்கியே வளர்ந்த வீட்டில் அது தாங்க முடியாததாக இருந்தது.

மாமா கை கழுவிவிட்டு லோரிக்குப் போனார். அக்கா வழியனுப்பப் போனாள், நானும் பின்னால் போனேன். "பிள்ளை வேணாம். நாம ரெண்டு பேரும் போதும்," என்றார். அதைச் சொல்ல அவர் எத்தனை நாளாக யோசித்துவைத்திருந்தாரோ.

"ரோட்டுல எவன் பிள்ளையைக் கண்டாலும் லோரிய நிறுத்தி மிட்டாய் கொடுக்கிற ஆளு நீங்க."

"நான் பாத்துக்கிறேன்லா. எனக்கு வேணாம்."

"எனக்கு வேணும் மாமா," என்றாள் அக்கா. "ஆசையா இருக்கு. அதான் வேணாங்கிறேன். வெளியில பொண்ணு பாருங்க."

அவர் லோரியில் ஏறிப் போய்விட்டார். அக்கா உள்ளே வந்து, அவர் விட்டுப்போன சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கழுவினாள்.

மறுநாள் குழாயடியில் அவளாகவே, "மந்திரி, ஒரு மனு இருக்கு," என்றாள்.

"யாருக்கு?"

"எனக்கு."

இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அதுதான் முதல் தடவை. கண்ணா என்று ஆவலோடு கேட்டேன்.

"கண்ணு வேணாம். போறது போகட்டும். என் வயித்துல பொறக்கிறதுக்கு வராம இருக்கணும். அது மட்டும் அந்த மெஷினால முடியுமான்னு பாரு."

முடியும், இந்த வருஷம் முதல் இடம் அதற்குத்தான் என்றேன். வருஷம் என்ன என்று கேட்டாள். இரண்டாயிரத்து ஐம்பது. சோப்புக் கையோடு விரல் மடக்கிப் பார்த்தாள். "அப்ப எனக்கு எம்பத்தேழு வயசுலா!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், ஈரத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அதன் பிறகு நாங்கள் அந்த விளையாட்டை விளையாடவில்லை.

வருங்காலத்தில் எந்த வியாதியை முதலில் ஆராய வேண்டும் என்று யாராவது பேசினால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். எத்தனை பேரைக் கொல்கிறது, எத்தனை வயதில் கொல்கிறது என்றுதான் பேசுவார்கள். யாரையும் கொல்லாத வியாதி ஒன்று, ஒரு கல்யாணத்தை நிறுத்தி, பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகளைப் பிறக்க விடாமல் செய்வதை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று தெரியவில்லை. என்னிடம் கேட்டால் நான் இன்னும் அதைத்தான் முதலில் வைப்பேன். அக்கா இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மாமாவுக்கு வெளியில்தான் பெண் பார்த்தார்கள். சுங்கை செம்பிலாங் பக்கத்துத் தோட்டம், எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. நல்ல குணமான அத்தை. கல்யாணத்தில் அக்கா வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றாள். அடுத்த வருஷமே ஆண் குழந்தை பிறந்தது. மூன்று மாதமானதும் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நல்ல வெளிச்சமான பகல். ஆனால் அக்காவுக்குப் பக்கப் பார்வை அதற்குள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. எதைப் பார்ப்பதானாலும் முகத்துக்கு நேரே பிடித்துத்தான் பார்ப்பாள்.

குழந்தையையும் அப்படித்தான் வாங்கி, மடியில் கிடத்தி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பிறகு ஒரு விரலை அதன் கண்ணுக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு போனாள். குழந்தை விரலோடு கண்ணை ஓட்டியது. "பாக்குதுலா... நல்லா பாக்குது," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் எதைச் சோதிக்கிறாள் என்று அத்தைக்குத் தெரியாது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

குழந்தை சிணுங்கியது. "பசி வந்திடுச்சு. இந்தாங்க அத்தை, பிடிங்க," என்று அக்கா எழுந்து நின்று குழந்தையை முன்னால் நீட்டினாள். அத்தை அவளுக்கு இடது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் யாரும் இல்லை. வெறும் வாசலை நோக்கிக் குழந்தையை நீட்டிக்கொண்டு, "பிடிங்க அத்தை," என்று மறுபடியும் சொன்னாள். அத்தை திகைத்துப்போய் அசையாமல் நின்றார். வெளியே போய்விட்டு வந்து வாசல் ஓரத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமாதான் ஓடி வந்து அவளுக்கு நேரே நின்று, குழந்தைக்கு அடியில் கையைக் கொடுத்தார். தனக்கு முன்னால் வந்த முகம் யாருடையது என்று அக்கா பார்த்தாள். குழந்தை கொஞ்ச நேரம் அவர்கள் இருவர் கையிலும் இருந்தது. பிறகு அக்கா தன் கையை எடுத்துக்கொண்டாள்.