கண்ணை மட்டும் விட்டுவிட்டு

என் கணவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்ததுதான் எங்களுக்கு வந்த வினை. தெரியாமல் இருந்திருந்தால், எங்கள் கட்டடத்தில் இருந்த மற்றத் தகப்பன்மாரைப் போல அவரும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சந்திப்பில் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பார்.

யாழ்ப்பாணத்தில் அவர் மேல்வகுப்புகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவர். நான் கணக்கு. தொண்ணூறுகளின் நடுவில், பத்து வயது மகளோடு கனடாவுக்கு, ஸ்காபரோவில் வந்து இறங்கியபோது, எங்கள் சான்றிதழ்கள் இங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை. அவர் இரவில் ஒரு அலுவலகக் கட்டடத்துக்குக் காவல் இருந்தார். நான் விடியமுன் எழும்பி, சவர்க்காரக் கட்டிகளைப் பெட்டியில் அடுக்கும் ஃபாக்டரிக்கு பஸ் பிடித்தேன். எப்படியும் ஒருநாள் வகுப்புக்குள் திரும்பப் போய்விடலாம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நம்பிக்கை எல்லாம் இல்லை. பிள்ளை படித்து ஆளானால் போதும் என்றிருந்தேன்.

பெற்றோர் சந்திப்புக்கு மனுசன் கோட் போட்டுக்கொண்டு வந்தார். "ரீச்சரைப் பாக்கப் போறம், மரியாதையாப் போகவேணும்" என்றார். மகளின் ஆசிரியை மிகவும் இளம் பிள்ளை. கணக்கில் மகள் கெட்டிக்காரி, ஆனால் வகுப்பில் வாயே திறக்கிறாளில்லை என்று சொன்னாள். சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஊரில் பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைக்கும்போது பெற்றோர் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. கண்ணை மட்டும் விட்டுவிட்டு மிச்சமெல்லாம் அடியுங்கோ, ஏனென்று கேட்க மாட்டோம் என்பார்கள். ஒருவரும் அதை அப்படியே எடுப்பதில்லை. உங்களை நம்புகிறோம் என்பதுதான் அதன் பொருள். எத்தனையோ தகப்பன்மார் அதை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, அதைச் சொல்லும் முறை அவருக்கு வந்தது. அழகான ஆங்கிலத்தில், ஒரு சொல் பிசகாமல் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன்.

அந்த ரீச்சர்ப் பிள்ளை சிரிக்கவில்லை. வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டாள்.

"ஓ, வீட்டில் இன்னும் கடுமை. நாங்கள் இரண்டு பேருமே ஆசிரியர்கள்" என்றார் பெருமையாக. திரும்பி வரும்போது பஸ்ஸில், "நல்ல ரீச்சர், கவனமாக் கேட்டவ, என்ன?" என்று என்னைக் கேட்டார். நானும் ஓம் என்றேன்.

அந்தக் கிழமையே பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடம் அறிவித்ததால் வந்தேன், அது அவர்களுடைய கடமை என்றாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாள். தேவையில்லை, நான் ஆங்கில ஆசிரியன் என்றார் இவர். அது ஊர்ப் பேச்சு, மரியாதைக்குச் சொல்வது என்று விளக்க விளக்க, எனக்கே அது கேட்கக்கூடாத பேச்சாகத் தெரிந்தது. எங்கள் பேச்சுக்குக் கோனார் உரையா போட முடியும்? அவள் கோபப்படவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூடப் பயமாக இருந்தது.

பிறகு மகளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

இப்படி வந்து ஒரு குடும்பத்தின் பிள்ளைகளைக் கொண்டுபோய், ஆரோ வெள்ளைக்காரர் வீட்டில் விட்டுவிட்டார்கள் என்று கட்டடத்தில் ஒரு கதை உலாவியது. ஷெல்லுக்கும் ஹெலிகொப்டருக்கும் தப்ப வைத்து, கொழும்பு லொட்ஜில் மூட்டைப்பூச்சிக்குள் கிடந்து, இவ்வளவு தூரம் கொண்டுவந்த பிள்ளை. ஒரு வாய்ப்பேச்சில் போய்விடுமோ? ஆத்திரத்தில் இவரைத் தின்றுவிடலாம் போல இருந்தது.

"நான் பிரம்பு தொட்டதே இல்லையப்பா. உமக்குத் தெரியுந்தானே?" என்றார்.

தெரியும். ஊரில் மற்ற வாத்திமார் அதைச் சொல்லித்தான் அவரைக் கேலி செய்வார்கள். பிரம்பில்லாத வாத்தி என்றுதான் பட்டம்.

அறைக்குள் மகளின் சட்டைக் கையை மடித்துப் பார்த்தாளாம், முதுகைப் பார்த்தாளாம். வெளியே வந்து பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். எங்கள் படுக்கைகளைப் பார்த்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். சில நாட்களில் போன் எடுத்து, பிள்ளைக்கு ஒரு ஆபத்தும் இல்லை, விஷயம் முடிந்தது என்றாள். நான் சாமிப்படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன். எங்களுக்கு உண்மையிலேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காலையில் நான் வேலைக்குப் போய்விடுவதால், மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவது அவர்தான். அதை நிறுத்திவிட்டார். பிள்ளை தானே தலைக்கு ஒரு ரப்பர் பாண்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். அவளோடு ரோட்டைக் கடக்கும்போதும் அவர் கையைக் கோட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். வகுப்புக்குத் திரும்பிப் போவதைப் பற்றியும் பிறகு அவர் கதைக்கவே இல்லை. கோபத்தில் இருக்கிறார், ஆறட்டும் என்று விட்டேன்.

மாரிக்குளிரில் ஒருநாள் மத்தியானம் ஃபாக்டரிக்குப் போன் வந்தது. சுப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுத் தந்தாள்.

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில இருந்து கூட்டிக்கொண்டு வந்திட்டன். சோந்துபோய்க் கிடக்கிறாள். காய்ச்சல் போல கிடக்கு" என்றார்.

"தொட்டுப் பாத்தனீங்களோ?"

"நீர் ஒருக்கா வந்து பாருமன்" என்றார்.

இரண்டு பஸ் மாறி ஓடிப்போனேன். மகளின் அறைக்கு வெளியே கதிரை போட்டு, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு இருந்தார். பிள்ளையின் உடம்பு கொதித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன விசரோ? இவள் உங்கட பிள்ளையெல்லோ?"

"அவையள் திரும்பி வந்து கேட்டா?" என்றார் மெதுவாக.

ஈரத்துணியை எடுத்து மகளின் நெற்றியில் போட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அம்மா, அப்பா எனக்கு அடிக்கிறேல்லை எண்டுதானே நான் அவவுக்குச் சொன்னனான். பிறகேன் அப்பா என்னைத் தொடுறேல்லை?"

கதிரையில் இருந்தவருக்கும் அது கேட்டது. எழும்பி வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை.