அழைக்கும் பெயருக்கு ஒரு கட்டம்

'பிழைகள்: பூஜ்யம்' என்று திரையின் அடியில் ஒரு வரி வரும். அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பூஜ்யமாம். யாரைக் கேட்டு எண்ணினார்கள்?

தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளும், போனில் திறக்கும் இணையப் பக்கமும் ஐடிஇ என்ற ஒரே நிரல் எழுதும் கருவியில் செய்கிறோம். இடது பக்கத்திலிருந்து பட்டனையும் கட்டத்தையும் இழுத்துக் கொண்டுவந்து நடுவில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிரல் எழுத வேண்டும். எழுத்து ஒன்று தப்பினாலும் அடியில் சிவப்புக் கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டை நம்பித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

அந்த முறை வேலை கொடுத்தது இராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் சொந்த ஊரின் மீனவர் சங்கம். யார் கடலுக்குப் போனார்கள், யார் கரை வந்தார்கள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சங்க ஆபீசில் இருப்பவர் கம்ப்யூட்டரில் பதிவார். வீட்டில் இருக்கும் பெண்கள் போனில் பார்ப்பார்கள். கடலில் இருந்தால் மஞ்சள், கரை வந்தால் பச்சை. என் அப்பாவும் அந்தக் கடலில்தான் தனி ஆளாகக் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறார். அதனால் கேட்டு வாங்கி நானே அந்த வேலையைச் செய்தேன்.

எங்கள் கரையில் மூத்த மகனுக்குத் தாத்தா பெயர்தான். தாத்தாவுக்குக் கோயில் பாதுகாவலரான புனிதரின் பெயர் இருக்கும். இரண்டு மூன்று புனிதர்களின் பெயர்களே தலைமுறை தலைமுறையாகச் சுற்றிச் சுற்றி வரும். என் அப்பாவின் பெயரும் அவருடைய அப்பாவின் பெயரும் அச்சுப் பிசகாமல் இன்னொருவருக்கும் உண்டு. அவர் வீடு சிலுவை நிற்கும் குருசடிக்குப் பக்கத்தில். நடை விறைப்பாக இருப்பதால் அவர் பட்டாளம். எந்த மீனைப் பிடித்து வந்தாலும் சோற்றுக்குச் சாளைதான் வேண்டும் என்பதால் என் அப்பா சாளை. ஞானஸ்நானப் பெயரைக் கேட்டுக்கொண்டு எங்கள் ஊருக்குள் வந்தால் ஒரு வீட்டையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பெயர், தகப்பன் பெயர் இரண்டுக்கும் கீழே 'அழைக்கும் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்தேன். அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது என்றும் எழுதினேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவரான லீடு நாகர்கோவில்காரர், பெங்களூரில் பல வருடம் வேலை பார்த்தவர். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா இது, மீனவர் பட்டியலா, ரவுடிப் பட்டியலா? சாளை, பட்டாளம்னு போட்டுக் காட்டினா நம்மள என்ன நினைப்பாங்க?"

"ஊர்ல அப்படித்தான் சார் கூப்பிடுவாங்க. எங்க அப்பாவுக்கே அதே பேர்ல இன்னொரு ஆளு இருக்காரு."

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்த லட்சணம் இதுதான்: கட்டத்தைச் சொடுக்கினார், டெலிட்டைத் தட்டினார். பெயரும் தகப்பன் பெயரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று விதி எழுதினார். ஓடவிட்டார். சிவப்புக் கோடு ஒன்றும் விழவில்லை. பிழைகள்: பூஜ்யம். சங்கத்தில் பட்டாளத்தின் பெயரைச் சேர்த்தபோது 'ஏற்கெனவே உள்ளது' என்று வந்திருக்கிறது. சரி, யாரோ சேர்த்துவிட்டார்கள் என்று ஆபீஸ்காரரும் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பாத்துக்கிடுதேன் என்று ஒரு பெரிய மனுஷன் சொன்னால் பார்த்திருப்பார் என்றுதானே இருப்போம்?

அந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் மதியத்துக்கு மேல் காற்று மாறியது. தக்கலையிலேயே கடைப் பலகைகள் ஆடின. நான் போனில் பக்கத்தைத் திறந்தேன். அப்பா மஞ்சள். வேலையில் மனசு நிற்கவில்லை. திரும்பத் திரும்பத் திறந்தேன். நாலு மணி டீ வரும்போது பச்சை. டீயை நிம்மதியாகக் குடித்தேன். பாதி குடிக்கும்போது அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஒனக்க அப்பா கரை வந்தாச்சுன்னு ஆபீசுல சொல்லுகாவ. மரத்தையும் காணல்ல, ஆளையும் காணல்லியே."

டீயை அப்படியே வைத்தேன். சங்கச் செயலாளரைக் கூப்பிட்டேன். மஞ்சளில் இருப்பவர்களைத் தேடித்தான் வள்ளங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளே, ஒங்க அப்பா வந்தாச்சுன்னு கம்ப்யூட்டர்ல கெடக்கு. பயப்படாண்டாம்," என்றார்.

"கம்ப்யூட்டர் கெடக்கட்டும் மாமா. வந்தது பட்டாளமா, சாளையா? அதைச் சொல்லுங்க."

"வந்தது பட்டாளம்லா," என்றார். பிறகு அவர் யாரையோ பார்த்து, "ஏலே, சாளை வரல்லியாம், வள்ளத்தை எறக்குங்கலே," என்று கத்தினார்.

பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். பாய்மரம் முறிந்து, வெறும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. கடலில் அலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனுஷனைக் கரையில் உட்கார வைத்துப் பச்சை அடித்தது நாங்கள் செய்த மென்பொருள். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் அந்தப் பச்சையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்திருப்போம்?

மறுநாள் லீடிடம் போய் நின்றேன். அவர் நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை. "இது எட்ஜ் கேஸ்மா. எங்கேயாவது ஒருத்தருக்கு வரும். கோடிங்ல தப்பில்ல, ஓடவிட்டப்ப பிழை பூஜ்யம்னுதானே வந்துச்சு."

"சார், உங்க எட்ஜ் கேஸ் எங்க அப்பா," என்றேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "சரி, அந்தக் கட்டத்தைத் திரும்ப வச்சிரு," என்றார், நான் ஏதோ சலுகை கேட்டுப் போய் நின்றது மாதிரி. வைத்தேன். அவருடைய விதியை அழித்தேன். நிரப்பாமல் சேமிக்க முடியாது என்பதையும் திரும்ப எழுதினேன்.

புதிய பதிப்பைப் போட்டு எல்லாரையும் மறுபடி சேர்க்கச் சங்க ஆபீசுக்கு அவரும் நானும் போனோம். கையில் கட்டோடு அப்பாவும் வந்து வாசலில் நின்றார். செயலாளர் அவரைக் காட்டி, "மொதல்ல இவரைச் சேருங்க சார்," என்றார்.

லீடு உட்கார்ந்து பெயரைத் தட்டினார், தகப்பன் பெயரைத் தட்டினார், மூன்றாவது கட்டத்தைத் தாண்டிப் போய்ச் சேமி பட்டனை அழுத்தினார். 'அழைக்கும் பெயர் தேவை' என்று திரை மறித்தது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் மறித்தது. என் பக்கம் திரும்பி, "இதைக் கட்டாயம் இல்லாம ஆக்கிரலாமே? சங்கடமா இருக்கும்லா," என்று மெதுவாகச் சொன்னார்.

அது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது.

"என்ன சார் சங்கடம், சாளைன்னு எழுதும்," என்றார். "அந்தப் பேரைச் சொல்லிக் கூவித்தான் என்னைக் கடல்ல தேடுனாவ."