ஊற்றில் நட்ட தூண்

பிள்ளைகளே, வேலி வேலைக்குப் போன கிழமை நான் ஏன் வீட்டில் எல்லோரிலும் எரிந்து விழுந்தேன் என்று கேட்டீர்கள். எழுதி வைக்கிறேன். நீங்களும் ஒருநாள் வேலைக்குப் போகிறவர்கள்தானே.

துறைமுகப் பக்கம், ஆட்கள் உள்ளே போகத் தடை என்று புதிதாக அறிவித்த காணி அது. சுற்றிவர கொங்கிறீட் தூண் நட்டு முள்ளுக்கம்பி இழுக்க வேண்டும். மேசன் நான். பிளானைப் பார்த்து நூல் பிடித்துத் தந்தவர் சுப்பவைசர். மூலைத் தூணுக்குக் குழி வெட்டினால் குபுகுபுவென்று தண்ணீர் ஊறியது. அதுவும் இளஞ்சூடு. நூலுக்கு உள்ளே, இரண்டு அடி தள்ளி, கல்லிடுக்கில் ஊற்று.

கொங்கிறீட் போட்டோம். விடியப் பார்த்தால் சீமெந்து கரைந்து, தூண் குடித்துவிட்டு வந்த வெறிக்குட்டி மாதிரிச் சாய்ந்து நின்றது. திரும்பப் போட்டோம். திரும்பவும் சாய்ந்தது. சுப்பவைசரிடம் போனேன்.

"சேர், இந்த மூலையை நாலடி உள்ளுக்கு எடுத்தால் காய்ஞ்ச மண். ஊத்தும் வெளியில போயிடும். தொல்லை முடிஞ்சுது."

"பிளானில ஊத்து இருக்கா?"

"கண்ணுக்கு முன்னால இருக்கே!"

"பிளானில இல்லையெண்டால் எனக்கும் இல்லை. நூலில நடும் ஐசே."

வாசலில் நின்ற அதிகாரியைக் கேட்டேன். துறைமுகக் கந்தோரில் மேசைக்காரரைக் கேட்கச் சொன்னார். கந்தோரில் சுப்பவைசரைக் கேட்கச் சொன்னார்கள். தலையைக் கொண்டுபோய் அந்தத் தூணிலேயே இடிக்கலாம் போலிருந்தது.

இதற்குள் ஆயிஷா ராத்தா வந்துவிட்டார். கிண்ணியாவிலிருந்து வந்து, பக்கத்து மீன்வாடியில் ஐஸுக்குள் கை வைத்து இறால் உரிப்பவர். மத்தியானம் இந்த ஊற்றில் விரல்களை ஊறவைத்தால்தான் பின்நேர வேலைக்கு அவை மடங்கும்.

"தம்பி, வேலி போட்டா நான் எங்க போற?"

"நான் என்ன செய்ய ராத்தா? கேட்டுப் பார்த்தனான். ஒருத்தரும் காது குடுக்கினம் இல்லை."

"ஊத்துக்குக் காவலாம்! அது எங்க ஓடப் போகுது, காலா இருக்கு?"

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மூன்றாம் முறை, அடி வெட்டிய பிளாஸ்டிக் பீப்பாயைக் குழிக்குள் இறக்கி, தண்ணீரை இறைத்துவிட்டுக் கொங்கிறீட் போட்டேன். தூண் நின்றது. கம்பியும் இழுத்தாயிற்று.

"பார்த்தீரா, பிளான் சரி," என்றார் சுப்பவைசர்.

வாயைத் திறந்தால் வேலை போகும் என்று சாந்துச் சட்டியைக் கழுவப் போனேன். அடுத்த நாள் ராத்தா கம்பிக்கு வெளியே நின்று ஊற்றைப் பார்த்துவிட்டுப் போனார். பின்நேரம் விரல் மடங்காமல் கத்தி நழுவியதாம். இப்படியென்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்று வாடிக்காரர் சொல்லிவிட்டாராம்.

பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் பிளான் கீறுகிற இடத்துக்கு வந்தால், கீறுமுன் ஒருக்கால் அந்தக் காணிக்கு நடந்து போய்ப் பாருங்கள். அங்கே யார் வந்து போகிறார்கள் என்று வாய் திறந்து கேளுங்கள்.

கடைசி நாள், சாமான் ஏற்றிய லொறி போனபின், மண்வெட்டியோடு நான் மட்டும் பின்தங்கினேன். தண்ணீர் இறைத்த குழாயில் மிஞ்சிய துண்டு ஒன்றைக் கம்பிக்குக் கீழே சாய்வாகப் பதித்தேன். ஒரு முனை ஊற்றில், மறுமுனை வீதிப் பக்கம். மண் மூடி, மிதித்து, சருகு தூவினேன். வெளிமுனையில் தண்ணீர் விழத் தொடங்கியது. அதற்குக் கீழே, குந்தியிருக்க வசதியாக, ஒரு தட்டைக் கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு உப்புவெளி பஸ்ஸுக்கு நடந்தேன்.