திரட்டிச் சீரில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

பெண் பெரியவளானால் நடக்கிற திரட்டியில் தாய்மாமன் என்ன சீர் கொண்டுவருவார் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பட்டுச்சேலை, கழுத்துக்கோ காதுக்கோ கொஞ்சம் தங்கம், பழம், வெற்றிலை பாக்கு, எல்லாம் ஒற்றைப்படைத் தட்டுகளில். என் மாமா அவற்றோடு ஒரு மானிட்டரும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் கொண்டுவந்தார். நான் கேட்டதால்தான் கொண்டுவந்தார். கேட்ட அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீடு பட்டறைகள் நிறைந்த கணபதியில். அப்பாவின் லேத் பட்டறையில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வயதாகி வீட்டுக்கு வந்திருந்தது. சாயங்காலமானால் வகுப்புப் பையன்கள் நாலு பேரோடு ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை. அந்தப் பழைய பதினேழு இன்ச் மானிட்டரில் தூரத்து எதிரி எறும்பளவுகூடத் தெரியமாட்டான். நான் செத்து விழுந்த பிறகுதான் அவன் அங்கே நின்றிருந்ததே எனக்குத் தெரியும். நான் வயதுக்கு வந்த மறுநாளே அம்மா என் சைக்கிள் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். இனி வீதியில் பையன்களோடு விளையாட்டு கிடையாது. மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதனால், "சீருக்கு என்ன வேணுமுங்க அம்மணி?" என்று மாமா கேட்டதும், நகையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு. முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையவில்லை. பெண் வீட்டார் தோப்பைச் சுற்றிப் பார்ப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், "மாப்பிள்ளை ஏதாச்சும் கம்பெனியில வேலைக்குப் போறாருங்களா?" என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். அம்மா ஏறாத கோயில் இல்லை, பார்க்காத ஜோசியர் இல்லை. நாலு வருஷம் தேடி அலைந்த பிறகு பெருந்துறைப் பக்கம் ஒரு இடம் ஜாதகம் பொருந்தி வந்தது. பெண்ணின் அப்பாவும் பெரியப்பாவும் என் திரட்டிச் சீருக்கு வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தால் எவனும் நல்லவனாகத்தான் உட்கார்ந்திருப்பான். அக்கா மகளுக்குச் சீர் செய்கிற இடத்தில் பார்த்தால்தான் ஆளின் குணம் தெரியும் என்பது பெரியவர்களின் யோசனை. என்னிடம், "சொந்தக்காரங்க வாராங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நான் ஒரு வாரம் இன்டர்நெட்டில் படித்துப் பட்டியல் எழுதினேன். மானிட்டர் இருபத்தேழு இன்ச், 1440 ரெசல்யூஷன். அதற்கு மேலே ஃபோர்-கே இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். அதில் புள்ளிகள் இரண்டு மடங்குக்கும் மேல், அத்தனையையும் வரைந்து தள்ள கார்டு தாங்காது. கார்டு எட்டு ஜிபி மெமரியோடு, அதில் மட்டும் குறைக்கக் கூடாது. மாமா வீட்டுக்கு வந்தபோது இதையெல்லாம் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அஞ்சு ஏக்கருக்கு ரெண்டு எச்பி மோட்டார் போட்டா கடைசி மரத்துக்குத் தண்ணி போகாது. அதானுங்க அம்மணி?"

அதேதான். பட்டறைக்கு வந்துபோகிற இன்ஜினீயர்களுக்குக்கூட நான் சொல்லி இவ்வளவு சுருக்காகப் புரிந்ததில்லை.

பட்டியலை மாற்றியது அம்மா. இதுவும் எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். கடைக்குப் போன தம்பியைப் போனில் பிடித்து, "பொட்டிக்குள்ள போயி ஒளிஞ்சுக்கற சாமானுக்கு எதுக்கு தம்பி அத்தனை? சபையில வெச்சா நாலு பேரு கண்ணுக்குத் தெரியோணும். பெருந்துறைக்காரங்க வேற வாராங்க" என்றிருக்கிறாள். சீர் என்பது தட்டில் வைத்துக் காட்டுவது. மானிட்டரைக் காட்டலாம், கார்டை யார் பார்ப்பார்கள்? மாமா மறுத்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் அக்கா சொல்லைத் தட்ட முடியாமல் முப்பத்திரண்டு இன்ச் ஃபோர்-கே மானிட்டரையும், இருப்பதிலேயே சின்னதாக ஒரு கார்டையும் வாங்கிவிட்டார். அது ஓடாது என்று அவருக்குத் தெரியும்.

மண்டபத்தில் என்னைப் பட்டுச்சேலையில் சுற்றி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தட்டுகள் வரிசையாக வந்தன. மானிட்டர் பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அதற்கு மாலை போட்டு, சந்தனம் தெளித்து, நாலு மூலையிலும் குங்குமம் வைத்திருந்தார்கள். கூட்டமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. பின்னால் மாமா, சலவை வேட்டியில், ஒரு தட்டில் கார்டை வைத்து ஏந்திக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நான் பார்த்தது கார்டு பெட்டியை. ஓரத்தில் இரண்டு ஜிபி என்று போட்டிருந்தது. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. சீரை அறிவித்துக்கொண்டிருந்த ஒன்றுவிட்ட சித்தப்பா அந்த நேரம் பார்த்து மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"மாமன் சீரு எப்படிங்க அம்மணி? சந்தோஷமுங்களா?"

"இல்லீங்க. நாங் கேட்டது இதில்லீங்க. மாமா என்னைய ஏமாத்திப்போட்டாரு."

மேளக்காரர்கள் அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். மண்டபத்தின் நாலு ஸ்பீக்கரிலும் என் குரல் போய்ச் சேர்ந்தது. யாரோ சிரித்தார்கள், பிறகு அந்தச் சிரிப்பும் அடங்கிவிட்டது. மாமா அம்மாவை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அம்மா, "நாந்தான் மாத்தச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். மாமா தட்டை என் மடியில் வைத்து, "மாத்திக் குடுத்துப்போடறேனுங்க கண்ணு" என்றார். சபையில் அவர் பேசியது அவ்வளவுதான்.

பந்தியில் சாப்பிட்டு முடித்த, நான் அதற்கு முன் பார்த்திராத ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "மாமா என்னங்க கண்ணு பண்ணுனாரு?" என்று அன்பாக விசாரித்தார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்து, நான் எழுதிக் கொடுத்தது என்ன, மாமா வாங்கி வந்தது என்ன, அந்தக் கார்டு பாதி விலைகூடப் பெறாது என்பதுவரை விவரமாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "அப்படீங்களா" போட்டுக் கேட்டுக்கொண்டார். என் கையில் வெற்றிலை பாக்கோடு மொய்க்கவரை வைத்துவிட்டு, "போயிட்டு வாரோமுங்க" என்று எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க நான் அழுதேன். அத்தனை பெரிய திரையில் விளையாட்டு நின்று நின்று ஓடியது. ரெசல்யூஷனைக் குறைத்தால் எண்ணெய் தடவிய கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. பையன்கள் என்னை விட்டுவிட்டு வேறொருவனைச் சேர்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே எனக்குத்தான் துக்கம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை பெருந்துறையிலிருந்து போன் வந்ததும், என்னை விசாரித்தவர் பெண்ணின் பெரியப்பா என்பதும் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டியதில் சரிப்பட்டு வரவில்லை என்றார்களாம். தரகர் மட்டும் உள்ளதைச் சொன்னார்: அக்கா பிள்ளைக்கே ஒன்று சொல்லி ஒன்று செய்கிறவர், நாளைக்கு எங்கள் பிள்ளையை எப்படி வைத்திருப்பார் என்று கேட்டார்களாம். அதன் பிறகு மாமாவுக்கு எந்த இடமும் அமையவில்லை. வருகிறவர்கள் காதுக்கெல்லாம் அந்த மண்டபத்துப் பேச்சு எப்படியோ முன்னமே போயிருக்கும். இப்போது நாற்பத்தாறு வயது. தோப்பு வீட்டில் தனியாகச் சோறாக்கித் தின்கிறார். நான் போனால் எனக்கும் சேர்த்து ஆக்குகிறார், ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்தால் தேவலை என்று எனக்கு இருக்கும்.

அந்தப் போன் வந்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாமா வந்தார். பெட்டியில் குங்குமமும் சந்தனமும் பட்டிருந்ததால் கடைக்காரர் எதையும் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டாராம். ஃபோர்-கேயையும் இழுக்கிற மாதிரி ஒரு பெரிய கார்டைப் புதிதாகவே வாங்கி வந்திருந்தார். மோட்டார் ஸ்டார்ட்டர் கழற்றிப் பழகிய கை. கம்ப்யூட்டரைப் படுக்க வைத்து, பழைய கார்டை எடுத்து, புதியதை மாட்டி, திருகாணி முடுக்கினார். நான் விளையாட்டைப் போட்டேன். தூரத்து மலையில் நின்ற ஆள் சட்டை நிறத்தோடு தெரிந்தான். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஓடுதுங்களா?" என்றார் மாமா. அவர் முகம் சவரம் செய்யாமல் கறுத்திருந்தது. அவரை மன்னித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நினைப்பு, பெரிய மனுஷியாட்டம். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"சூப்பருங்க மாமா. உங்க கல்யாணத்துக்கு நானே தட்டுத் தூக்கிட்டு வாரனுங்க. உங்களுக்கு என்ன வேணும்னு இப்பவே சொல்லிப்போடுங்க."

மாமா ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்தார். "யோசிச்சுச் சொல்றனுங்க அம்மணி" என்று சிரித்தார். காபியோடு வாசற்படியில் வந்து நின்ற அம்மா அப்படியே திரும்பி உள்ளே போனாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்தேன்.