விதைக்கூடையைத் திறந்த நாள்

வேகும் குச்சிக்கிழங்கின், அதாவது மரவள்ளியின், வாடை இன்றைக்கும் எனக்கு ஆகாது. டவுனில் அதை வறுத்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள், என் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். நான் கடையைத் தாண்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

கொல்லிமலையில், தேவனூர் நாடு என்னும் ஊர்த்தொகுப்பில், எங்களுக்கு இருந்தது ஒரு சரிவுக் காடு. அதில் பாதி சாமை, பாதி ‘மில்லுக் கிழங்கு’. ஜவ்வரிசி ஆலைக்கென்றே நடுகிற குச்சிக்கிழங்கு அது. கசக்கும், வீட்டில் தின்ன ஆகாது. ஒரு காலத்தில் காடு முழுக்கச் சாமைதானாம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலோ மழைக்குப் புத்தி கெட்டுப்போயிருந்தது. வைகாசியில் வரவேண்டியது ஆவணியில் வரும், வந்தால் மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். சாமை அதைத் தாங்கவில்லை, கிழங்கு தாங்கியது, அதனால் அப்பா வருடத்துக்கு ஒரு துண்டாகச் சாமைக் காட்டைக் கிழங்குக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்கள் சோறு அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக லாரி ஏறிப் போனது.

இரண்டாயிரம் பிறந்த பின் வந்த ஒரு வறட்சியில் அந்தக் கிழங்கும் கைவிட்டது. விதைத்த சாமை கதிர் பிடிக்காமலே கருகியது. ரேஷன் அரிசி மாதம் பாதியிலேயே தீர்ந்துபோகும். வீட்டில் தானியம் என்று மிச்சம் இருந்தது விதைக்கூடையில் மட்டும். மலையில் யாரும் எல்லா விதையையும் ஒரே மழைக்கு விதைத்துவிட மாட்டார்கள். பயிர் போனால் மறுபடி விதைக்க ஒரு பங்கை மூங்கில் கூடையில் கொட்டி, சாணமும் மண்ணும் குழைத்து வாயைப் பூசி வைப்பார்கள். பசியில் நாங்கள் அந்தப் பக்கம் பார்த்தாலே அம்மாவுக்குப் பொறுக்காது. “அது நம்முளுது இல்ல கண்ணு, காட்டோடது” என்பாள்.

மாசியில் சேந்தமங்கலத்திலிருந்து லாரி கொண்டுவந்த கிழங்கு வியாபாரி பாய் எங்கள் கிழங்கைப் பிடுங்கிப் பார்த்தார். விரல் தடிமன்கூட இல்லை. “இத மில்லுல எடுக்க மாட்டாங்கம்மா” என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டுக் கீழே வேறொருவர் காட்டுக்குச் சரக்கு ஏற்றப் போனார். பிடுங்கியதை வீணாக்க மனமில்லாமல் அம்மா அதைச் சீவி, மூடி போடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டினாள். கையில் ஒன்றும் இல்லாத நாட்களில் கசப்புக் கிழங்கை அப்படித்தான் எல்லாரும் தின்றார்கள், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நான் இரண்டு வாய் தின்று கசப்புத் தாங்காமல் துப்பினேன். தம்பிக்கு நான்கு வயது. பசி அவனுக்கு நாக்கையே மறக்கடித்திருந்தது. வட்டிலை வழித்துத் தின்றான்.

பொழுது சாய்வதற்குள் வாந்தி எடுத்தான். பிறகு கண் செருகிவிட்டது, கூப்பிட்டால் திரும்பவில்லை. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு லாரியைத் தேடி ஓடினார். “ஏனுங்க பாய், பையனுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க!” பாய் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “ஏறுங்க, ஏறுங்க” என்று பாதி ஏற்றிய லாரியை அப்படியே கிளப்பினார். அந்த மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அம்மா அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தம்பி பிழைத்தான். மழையில்லாத வருடம் கிழங்கில் விஷம் கூடிவிடும், ஒரு தண்ணீர் வடித்தால் போதாது என்றார் டாக்டர். ஊர் திரும்பியதும் அம்மா நேரே போய் விதைக்கூடையின் பூச்சைக் கல்லால் தட்டி உடைத்தாள். “வெதைப்புக்கு என்ன பண்றது?” என்றார் அப்பா. “புள்ளைக இருந்தாத்தானுங்க வெதைக்கோணும்” என்றபடி சாமையைக் குத்தி உலையில் போட்டாள்.

அடுத்த வைகாசியில் மழை ஒழுங்காகப் பெய்தது. அதுதான் கொடுமை. விதை கேட்டு அப்பா ஊர் ஊராக ஏறி இறங்கினார்; எல்லார் வீட்டிலும் கூடை காலி. மிச்சமிருந்த காட்டிலும் கிழங்குக் குச்சியே நட்டார்.

இன்று எங்கள் காட்டில் ஒரு சாமைக் கதிர் கிடையாது. மலையிலேயே இருக்கும் தம்பி வீட்டுக்கு அரிசி கீழேயிருந்து பஸ்ஸில் போகிறது. மண் சரிந்து பாதை அடைத்தால் அதுவும் போகாது. எங்கள் வீட்டுச் சாமை எங்களோடு முடிந்துபோயிற்றே என்று போன மாதம் அம்மாவிடம் வருத்தப்பட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“வெதையத் தின்னுட்டமேன்னு நான் ஒருநாளும் அழுவுல சாமி. கூடை நெறைய அத வெச்சுக்கிட்டு, புள்ளைக்கு வெசத்த ஆக்கிப் போட்டனே, அதுக்குத்தான் இன்னும் அழுவறேன்.”