தனி அடுப்பு

கோவில்பட்டியில் நான் குடியிருந்தது ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டு மாடி அறையில். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அங்கே ஆபீஸ் என்று பெயர். படியில் எதிர்ப்பட்டால் வீட்டம்மா சாப்பாடாச்சா என்று கேட்பார். ஆச்சு என்பேன். ஆகாத நாட்களிலும் அதே பதில்தான். இல்லை என்று சொன்னால் அந்த அம்மாவுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டால் காலையில் கிளம்பும்வரை ஒரு குரலும் கிடையாது.

என் வேலையோ கேள்வி கேட்பது. ஏழை நாடுகளில் எந்தக் குடும்பம் முன்னேறுகிறது, எது முன்னேறவில்லை, ஏன் என்றெல்லாம் ஆராய்ந்து அரசாங்கத்துக்கு யோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்த ஊழியை. கரிசல் காட்டு ஊர்களில் அதே குடும்பங்களை வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். அதற்குச் சுற்று என்று பெயர். அறிக்கை எழுதுகிறவர்கள் சென்னையில் இருந்தார்கள். நான் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் இருந்தேன். யார் வீட்டில் என்ன சமைத்தார்கள், யாருக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். என் பெயரை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். தோளில் பை மாட்டிய பொம்பளை எல்லாரும் அந்தப் பக்கத்தில் டீச்சர்தான்.

அப்படிப் போன ஊர்களில் ஒன்று எட்டயபுரம் தாண்டி, பஸ்ஸை விட்டிறங்கிக் காட்டுப் பாதையில் நடக்க வேண்டிய இடம். மழை பெய்திருந்தால் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. திட்டிக்கொண்டேதான் நடப்பேன். ஆனாலும் அங்கே ஒரு வீட்டுக்குப் போக மட்டும் எனக்கு ஆசையாக இருக்கும். மானாவாரிக் காட்டில் மக்காச்சோளமும் உளுந்தும் போடும் ஒரு விவசாயி, அவர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், கூடவே அவருடைய அக்கா. அந்த அக்கா கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். ஊர் அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது, நான் அதை எழுத மாட்டேன். டேப்லெட்டில் ‘பிரிந்து வாழ்பவர்’ என்று இருக்கும். தினமும் காலையில் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம்.

முதல் சுற்றில் நான் போனது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எல்லாரும் அடுப்படியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னப்பெண் அத்தையின் தட்டிலிருந்துதான் சாப்பிடுவாள், தனித் தட்டு வைத்தால் தொடமாட்டாள் என்று அவள் அம்மா புகார் சொன்னார். புகார் மாதிரியே இல்லை அது. அந்த அக்கா தன் தட்டில் ஒரு பக்கம் சோற்றை ஒதுக்கிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் கடைசியாக யாரோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

எதை வைத்து ஒரே குடும்பம் என்று எழுதுகிறீர்கள் என்று தம்பிக்காரர் கேட்டார். எங்கள் கையேட்டில் இருப்பதைச் சொன்னேன். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், அடுப்பு வேறானால் குடும்பம் வேறு. உலகம் பூராவும் ஏறக்குறைய இதுதான் கணக்கு. அப்படியா என்று கேட்டுக்கொண்டார். ஐந்து பேர் கொண்ட குடும்பம் என்று பதிந்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் போனபோது அவர் வாசலிலேயே என்னை மறித்து, வீட்டைச் சுற்றிப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மாட்டுக் கொட்டத்தை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு. அதற்கடியில் புதிதாய் மெழுகிய அடுப்பு, ஒரு சின்னப் பானை, ஒரே ஒரு தட்டு.

“டீச்சர், நீங்க சொன்னாப்ல அடுப்பைப் பிரிச்சாச்சு. எங்கக்காளுக்குத் தனியா ஒரு கார்டு போட்டுக் குடுங்க” என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புது ரேஷன் கார்டு கேட்டு எழுதிப் போட்டால் தனியாகச் சமைக்கிறார்களா என்று ஆள் வந்து பார்ப்பது அங்கே வழக்கம். அடுப்பைப் பற்றிக் கேட்கிற நானும் அந்த ஆள்தான் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். அக்காவைத் தள்ளிவைக்க நினைத்துச் செய்தாரா என்றால் இல்லவே இல்லை. அக்கா பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே, நாளைக்குத் தனக்கு ஒன்று ஆனால் அவள் கதி என்ன என்ற கவலை அவருக்கு. பாசத்தில்தான் பிரித்திருந்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாங்கள் கார்டும் கொடுப்பதில்லை, வீடும் கொடுப்பதில்லை, வெறும் ஆராய்ச்சி, அடுப்பை மூடுங்கள் என்று கத்தினேன். அவர் சிரித்தார். கக்கூஸ் கட்டித் தர வந்தவர்களும் முதலில் நிச்சயமில்லை என்றுதான் சொன்னார்களாம். பிறகு கட்டித் தந்தார்களாம். தருகிறவர்கள் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பது அவர் அனுபவம். நான் எவ்வளவுக்கு எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு நம்பினார்.

சாயங்காலம் வேனை விட்டிறங்கி வந்த அக்காவிடம், கண்துடைப்புக்குத்தானே, உள்ளே போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறீர்கள்தானே என்று கேட்டேன். இல்லையாம். தம்பி எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். என்றைக்கு யார் வந்து பார்ப்பார்கள் என்று தெரியாது, பிள்ளைகளிடம் கேட்டால் உளறிவிடும், அதனால் நிஜமாகவே தனிச்சமையல். சின்னவளை அந்த அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கார்டு வருகிற மட்டும்தான் என்று அக்கா சொன்னார். சொல்லிவிட்டு ஒரு ஆளுக்கு அரிசி களையப் போனார். உள்ளே பிள்ளைகள் சாப்பிடும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

சென்னைக்குப் போன் செய்தேன். அங்கிருந்த ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார், நல்ல மனுஷர்தான். ஆனால் கையேட்டின்படி அது தனிக் குடும்பம், அப்படியே பதியுங்கள் என்றார். பதிந்தேன். சென்னையில் நடந்த அந்த வருஷக் கூட்டத்துக்கு, ஊர் ஊராய்ப் போய்க் கேள்வி கேட்கிற எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வறண்ட பகுதியில் பெண்கள் தனியாக நடத்தும் குடும்பங்கள் கூடியிருப்பதாகத் திரையில் ஒரு கோடு மேலே ஏறியது. பெண்கள் தங்கள் காலில் நிற்கத் தொடங்கிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம் என்று ஒருவர் சந்தோஷப்பட்டார். நான் எழுந்து, அதில் ஒரு அம்மா குடும்பம் நடத்தவில்லை, கார்டுக்குக் காத்திருக்கிறார் என்றேன். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்புறம் டீ வந்தது. அத்தனை பேருக்கு நடுவில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் தனியாக நின்றேன். அழுகை வந்தது, அழவில்லை.

மூன்றாவது சுற்றுதான் கடைசி. இந்தத் தடவை எப்படியாவது அந்த அக்காவை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வேறெந்த வீட்டுக்காகவும் நான் அப்படி நினைத்ததில்லை. என்னை யாராவது அப்படிக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்களா என்ற ஏக்கமும் அதில் கலந்திருந்தது, இப்போது சொல்வதற்கென்ன.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. தம்பிக்காரரிடம் ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்றேன். நிறுவனம் வேறொரு நாட்டுக்குப் போகிறது, இனி நானும் வரமாட்டேன், வேறு யாரும் வரமாட்டார்கள். கார்டு வேண்டுமென்றால் தாலுகா ஆபீசில்தான் கேட்க வேண்டும், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. இனி வரமாட்டோம் என்றதைத்தான் நம்பினார். பிறகு எழுந்து, பின்னால் அக்கா தன் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார், நானும் கூடவே போனேன்.

“யக்கா, இனிமே உள்ள வந்து சாப்பிடு” என்றார்.

உள்ளே தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. சின்னவள், இப்போது வளர்ந்துவிட்டாள், பின்வாசலுக்கு வந்து, அத்தை, அம்மா கூப்பிடுதாவ என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. வந்துட்டேன், நீங்க சாப்பிடுங்க என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டு, விறகைத் தள்ளி ஊதினார். தம்பி சற்று நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். ஏன் போகவில்லை, கோபமா என்று நான் கேட்டேன்.

“கோவமெல்லாம் இல்ல டீச்சர். முன்னால என்னைய யாரும் கூப்பிட்டதில்ல, நானாப் போய் உக்காருவேன். இப்பக் கூப்பிடுதாவ. கூப்பிட்டுப் போனா அது விருந்துல்லா.”

அவர் தன் ஒரே தட்டைக் கழுவி எடுத்து வந்தார். நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க என்றார். இன்னொரு தட்டு இல்லாததால் பானை மூடியில் போட்டுக் கொடுத்தார். ரசம், பொரித்த மிளகாய். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவர் கடைசிவரை உள்ளே போகவில்லை.

கை கழுவிவிட்டு டேப்லெட்டைத் திறந்தேன். இந்த அடுப்பில் சாப்பிடும் குடும்ப உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று கேட்டது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்தவர்களைச் சேர்க்கக்கூடாது என்பது விதி. போன வருஷம், கார்டுக்காகப் பிரித்த குடும்பம், பொய் என்று தெரிந்தே ஒன்று என்று போட்டிருந்தேன். இந்த வருஷமும் ஒன்று என்றே போட்டேன், அது உண்மையாகியிருந்தது.