கோதுமைக்கு ஊற்றிய வெந்நீர்

லலிதா அக்காவின் கோதுமையை முளைக்கவிடாமல் செய்தவள் நான்தான். ஒருமுறை அல்ல, நான்கு முறை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கொன்றேன்.

சிரிக்கிறீர்களா? ஒரு பிடி கோதுமைக்கு ஒரு வாக்குமூலமா என்று தோன்றுகிறதா? தோன்றட்டும். முழுவதும் கேட்டுவிட்டு, முடிந்தால் சிரியுங்கள்.

லலிதா அக்கா என் கணவரின் மூத்த சகோதரி. முப்பது வருஷத்துக்கு முன், கல்யாணமாகி எட்டே மாதத்தில் பிறந்தகத்துக்குத் திரும்பிவந்தவள். அபிராமபுரத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் பால்கனியை ஒட்டிய அறை அவளுடையது. அவளுக்கென்று இருந்தது ஒரு பூனை மட்டும். குஞ்சலம் என்று பெயர். வாசற்படி தாண்டாத பூனை.

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கும் பச்சைப் புல் வேண்டுமாம். மேனியை நக்கி நக்கி விழுங்கிய முடி அப்போதுதான் வெளியே வரும். இரண்டாம் மாடியில் புல்லுக்கு எங்கே போவது? குஞ்சலம் பூந்துடைப்பத்தைக் கடித்தது. ஓர் அமாவாசையன்று, இவர் தர்ப்பணத்துக்கு எடுத்துவைத்த தர்ப்பைக் கட்டையே குதறிப்போட்டது. நான் கத்தினேன். இவரோ, "அக்கா, அப்பாவுக்குப் போகவேண்டியதை இவ சாப்ட்டுட்டா பாரு!" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கிட்டே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தச் சிரிப்புதான்... வேறொன்றுமில்லை! மாலையானால் அக்காவும் தம்பியும் பால்கனியில் உட்கார்ந்து பேசுவார்கள், நடுவில் பூனை. என்னிடம் இவர் பேசுவதெல்லாம் "காபி ஆச்சா?" என்பதோடு சரி. தையல் மெஷின் போட இடமில்லை, அந்த அறை கிடைத்தால் தேவலை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு வேண்டியது அறை அல்ல. அந்தச் சிரிப்பு நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

பூனையைப் பார்க்கும் டாக்டர், வீட்டிலேயே கோதுமை தெளித்துப் புல் வளர்க்கச் சொன்னார். அக்கா ஐஸ்கிரீம் டப்பாவில் தேங்காய் நார்த்தூளை நிரப்பினாள். ஊறவைத்த கோதுமையைத் தூவப்போனவள், சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்னாச்சு அக்கா?"

"என் கல்யாணத்துல பாலிகை முளைக்கலைடி, வசு."

பாலிகை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மண்கிண்ணங்களில் நவதானியம் தெளிப்பார்கள். அது செழித்து வளர்ந்தால் தம்பதியும் செழிப்பார்கள் என்று நம்பிக்கை.

"மாமியார் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை அனுப்பிச்சுட்டா. அன்னிலேர்ந்து ஒரு துளசிகூட நான் வச்சதில்லை. இத்தனை வருஷத்துல இதான் மொதல்... யார்கிட்டயும் சொல்லாதே, என்ன?"

தெளித்தவர்கள் ஐந்து சுமங்கலிகள். பழி மட்டும் மணப்பெண்ணின் கைக்கு! இந்த அநியாயம் எனக்குப் புரியாமலா போயிற்று? நன்றாகப் புரிந்தது. அவள் கையைப் பிடித்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லைக்கா" என்று ஆறுதல்கூடச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் புத்தி வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் கபாலி கோவிலுக்குப் போனாள். நான் டிகாஷனுக்குத் தண்ணீர் கொதிக்கவைத்தேன். பாதியை ஃபில்டரில் ஊற்றினேன். மீதிப் பாதியைக் கோதுமையில் ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் விதைகள் உப்பி, புளித்த வாடை அடித்தன. மேலே வெள்ளையாகப் பூசணம். அக்கா வெகுநேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைக் கழுவிவிட்டு, புதிதாகக் கோதுமையை ஊறவைத்தாள்.

இரண்டாவது முறையும் ஊற்றினேன். மூன்றாவது முறை, வீட்டு வேலைக்கு வரும் செல்வி பால்கனியைக் கழுவ டப்பாவை நகர்த்தினாள்.

"இன்னாம்மா இது, டப்பா இப்டி சுட்டுக்கினு கீது?"

"வெயில்ல இருந்தது."

"மூணு நாளா மழை பெஞ்சிக்கினு கீது. வெயிலு எங்கம்மா வந்துச்சு?"

"உன் வேலையைப் பாரு, செல்வி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றிலிருந்து நான் கொடுக்கும் காபியைக் குடிப்பதை நிறுத்திவிட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்ததா? இல்லையே! நான்காவது முறையும் ஊற்றினேன்.

புல் கிடைக்காத பூனை என்ன செய்யும்? ஹாலில் தொங்கிய மணி பிளாண்டைக் கடித்துத் தின்றது. வாயில் நுரை தள்ளிச் சுருண்டுவிட்டது. அக்கா அதைப் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். நானும் கூடப் போனேன். அடையாறில் பூனை டாக்டரிடம் போய்ச் சேரும்வரை அவள் சொன்னது ஒன்றேதான்.

"என் கையாலதான்... எல்லாம் என் கையாலதான்."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். தடவிக்கொடுத்த கை எது என்று உங்களுக்குத் தெரியும்.

பூனை பிழைத்துக்கொண்டது. அக்காதான் பிழைக்கவில்லை. சமைக்கமாட்டேன் என்றாள், சுவாமி விளக்கைத் தொடமாட்டேன் என்றாள். பூனைக்குச் சோறு வைக்கவும் என்னைக் கூப்பிட்டாள். ஒரு மாதத்தில், தாம்பரத்தைத் தாண்டி வயதான பெண்களுக்கான ஒரு விடுதியில் இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். இவர் கெஞ்சினார், அழுதார். அவள் கேட்கவில்லை.

"என்கிட்ட எதுவும் தங்காதுடா. குஞ்சலமாவது உங்காத்துல நன்னா இருக்கட்டும்" என்றாள். 'உங்காத்துல' என்றாள்... அவள் பிறந்து வளர்ந்த குடும்பத்தை!

அப்போது சொல்லியிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் லிஃப்டுக்காகக் காத்து நின்ற அந்த இரண்டு நிமிஷத்திலாவது சொல்லியிருக்கலாம். "வாட்டர் பாட்டிலை மறந்துட்டேளே அக்கா" என்றுதான் சொன்னேன்.

அவள் போன மறுநாள், அவள் விட்டுப்போன பாக்கெட்டில் மீதியிருந்த கோதுமையை ஊறவைத்துத் தூவினேன். ஏன் செய்தேன்? பூனைக்காகவா, இல்லை, முளைக்கிறதா என்று பார்க்கவா? எனக்கே தெரியாது. நான்காம் நாள் டப்பா முழுக்கப் பச்சை. குஞ்சலம் என் கையிலிருந்தே அதைக் கறுக்கு கறுக்கென்று தின்றது. பூனைக்கு என்ன தெரியும், பாவம்.

நான் ஜெயித்துவிட்டேனா என்று கேட்கிறீர்களா? இப்போதெல்லாம் மாலையில் இவர் பால்கனிக்கே வருவதில்லை. காபியைக்கூடக் கேட்பதில்லை. தையல் மெஷின் அந்த அறையில், உறை கழற்றாமல் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போன் செய்வாள். அந்த முதல் ஞாயிறு, குஞ்சலம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"புல்லு... ஏதாவது வந்துதா?"

"வந்துடுத்துக்கா. நாலே நாள்ல."



"அதே கோதுமைதானே?"

"அதேதான்."

"பாத்தியா... நான் சொன்னேனே. கோதுமைமேல தப்பில்லை. என் கைதான் ஆகாத கை. இல்லையாடி, வசு?"

வெந்நீர் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முப்பது வருஷப் பழி அந்தக் கையைவிட்டு இறங்கியிருக்கும். அவள் அன்று மாலையே ஆட்டோ பிடித்து வந்திருப்பாள். வாசலில் இவர் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கியிருப்பார். பால்கனியில் மறுபடி அந்தச் சிரிப்பு...

"ஆமாம் அக்கா" என்றேன்.

போன ஞாயிறும் கேட்டாள். போன ஞாயிறும் அதையேதான் சொன்னேன்.